கம்பத்திலிருந்து குழி வரை

மாரிக்குப்பத்தில் கிளம்பும் காலை ரயிலின் சத்தம், காற்று இந்தப் பக்கம் வீசினால், தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய ஸ்கெலட்டன் லைன் வீடுகள் வரை கேட்கும். இருபத்திரண்டு வருஷம் அந்த ரயிலுக்குள் உட்கார்ந்து பெங்களூருக்கு வேலைக்குப் போனவர் வால்டர். இப்போது கட்டிலில் படுத்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ரயில் பங்காருபேட்டைப் பக்கம் போய் மறையும்வரை அவர் கண்ணைத் திறப்பதில்லை. அவர் விழித்திருக்கிறார் என்பது ஞானசுந்தரிக்குத் தெரியும். தெரிந்தாலும் கேட்பதில்லை.

செப்டம்பரில் ஒரு நாள் காலை ஷூ லேஸைக் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. வலது பக்கம் இழுத்துக்கொண்டது. கால் ஒரு மாதத்தில் திரும்பி வந்தது, கோலூன்றி நடந்தார். பேச்சும் திரும்பியது, ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் மேட்டில் ஏறி வருவதுபோல மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது. கைதான் வரவில்லை. மடியில் கிடக்கும். எடுத்து வைத்த இடத்திலேயே இருக்கும்.

"வெரலுக்கு தினமும் வேல குடுக்கணும்மா. சும்மா வெச்சா கை வேலைய மறந்துடும். அப்பால ஞாபகப்படுத்த முடியாது" என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லி அனுப்பினார்.

வால்டர் வேலை பார்த்தது ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு பம்பு கம்பெனியில். அசெம்ப்ளி லைனில் செக்கிங் சூப்பர்வைசர். ஒரு நட்டு அரைச் சுற்று தளர்ந்திருந்தாலும் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார். பையன்கள் வேலை நேரத்தில் சிரித்தால் அவருக்குப் பிடிக்காது. வீட்டிலும் அப்படித்தான். ஒரே மகள் நிக்கோல் கல்யாணமாகி ஓசூருக்குப் போகும்வரை அப்பாவின் எதிரில் வாய்விட்டுச் சிரித்தது குறைவு. கெட்ட மனுஷர் இல்லை. குடி கிடையாது, ஞாயிறு ஆராதனை தவறியது கிடையாது. சிரிப்பை மட்டும் எங்கோ வைத்துவிட்டு எடுக்க மறந்தவர் மாதிரி இருந்தார்.

கம்பெனியிலிருந்து கடிதம் வந்திருந்தது. டிசம்பர் இரண்டாவது திங்கட்கிழமை கம்பெனி டாக்டர் பார்ப்பார். வலது கையால் ஒரு போல்ட்டில் நட்டை ஏற்றிக் காட்ட வேண்டும். அதே கையால் ஃபாரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டும் முடிந்தால் ஐம்பத்தெட்டு வயதுவரை ஸ்டோர்ஸில் உட்கார்ந்து செய்யும் வேலை. முடியாவிட்டால் அத்தோடு வீடுதான். வேலைக்குப் போகாத வால்டர் எப்படி இருப்பார் என்று ஞானசுந்தரிக்குத் தெரியாது. அது வால்டருக்கும் தெரியாது. அதுதான் அவருக்குப் பயம்.

ஞானசுந்தரி ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. வகுப்புக்கு உதவியாளர். ஒரு நாள் அங்கிருந்து கேட்டு வாங்கி ஒரு பை நிறைய பிளாஸ்டிக் கட்டைகளைக் கொண்டு வந்தாள். மஞ்சள், சிவப்பு, பச்சை. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குகிற கட்டைகள்.

"வெரலுக்கு நல்லதுங்க. ஒரு பத்து கட்ட அடுக்குங்க போதும்."

வால்டர் கட்டைகளைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். இடது கையால் பையைக் கட்டிலிலிருந்து கீழே தள்ளினார். கட்டைகள் தரையெல்லாம் சிதறின. ஞானசுந்தரி பொறுக்கினாள். கட்டிலுக்கு அடியில் போன கடைசிக் கட்டைக்காகக் குனிந்தபோது, அங்கேயே முகத்தை மறைத்துக்கொண்டு கொஞ்சம் அழுதாள்.

பார்க்க வருகிறவர்களுக்குக் குறைவில்லை. பெண்கள் ஐக்கியத்திலிருந்து ஜெபிக்க வந்தார்கள். ஹார்லிக்ஸ் பாட்டில்கள் அலமாரியில் வரிசையாக நின்றன. எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். நல்ல ஜனங்கள். ஆனால் அவர்கள் வந்துபோன ஒவ்வொரு முறையும் வால்டர் கட்டிலோடு இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டார். இரக்கத்தையும் பார்த்துத்தான் பரிமாற வேண்டும். ஒரே இலையில் எல்லோரும் கொட்டினால் மனுஷன் எப்படிச் சாப்பிடுவான்?

மூன்றாவது வீட்டுச் சம்பங்கியும் ஞாயிறுதோறும் வருவான். வால்டருக்குச் சமவயது. இதே லைனில் பிறந்து வளர்ந்தவன். ஆட்டோ ஓட்டுகிறான். ஸ்டாண்டில் அவன் வாய் மூடாது; இங்கே வந்தால் ஸ்டூலில் உட்கார்ந்து காக்கிச் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு, "சரி, வரேன்டா" என்று போய்விடுவான்.

நவம்பர் நடுவில் ஒரு பகல். தூறல் நின்று, மூடிப்போன சுரங்கத்தின் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து குளிர்ந்த காற்று வந்துகொண்டிருந்தது. லைனில் தண்ணீர்க் குழாய் மாற்றுவதற்காகப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஞானசுந்தரி பள்ளிக்கூடத்தில் இருந்தாள். சாப்பாட்டுக்கு வந்த சம்பங்கி, சாப்பிடாமலே வால்டர் வீட்டுக்குள் நுழைந்தான். உள்ளங்கையில் மண் ஒட்டிய ஒரு குண்டு. எலுமிச்சையைவிடச் சின்னது. துருப்பிடித்த இரும்பு.

"இது இன்னான்னு தெரியுதாடா?"

வால்டர் தலையைத் திருப்பினார். "மில்லு... குண்டு."

சுரங்கம் ஓடிய காலத்தில் தங்கக்கல்லை அரைக்கும் மில்லில் இரும்புக் குண்டுகள் போடுவார்கள். அவை தேய்ந்து சிறுத்ததும் வெளியே எறிவார்கள். லைன் பிள்ளைகளுக்கு அவைதான் கோலி. கண்ணாடிக் கோலியை அதன் எதிரில் வைத்தால் உடைந்துபோகும்; இரும்போடு இரும்புதான் ஆட வேண்டும்.

"கொழா பக்கத்துல தோண்டிகினு கீறானுங்க. மம்ட்டியில டங்குனு பட்டுச்சு. ஓடிப் போயி எடுத்துகினு வந்தேன். நம்ம குழி அங்க தான இருந்துச்சு? இது உன்னுது தான்டா. அன்னிக்கி தோத்துட்டு ஓடினியே, அப்ப உட்டுட்டுப் போனது."

சொல்லி முடித்த பிறகுதான் சம்பங்கி நாக்கைக் கடித்துக்கொண்டான். நாற்பது வருஷமாக அவன் பேசாமல் வைத்திருந்த பேச்சு அது.

"நான்... ஓடல" என்றார் வால்டர்.

"சரி உடு. சும்மா சொன்னேன்."

"ஓடலடா."

"ஓடலன்னா? பறந்தியா?"

"எங்கப்பா... சைக்கிள்ல வந்தாரு. நான்... நடந்து போனேன்."

"நடந்தியா! செருப்ப கூட உட்டுட்டு நடந்தியா? கம்பத்துலேந்து குழி வரைக்கும் முட்டி தள்ள வேண்டிய ஆளு, ரெண்டு தாவுல வூட்டுக்குள்ள பூந்துகின. நான் பாத்துகினு தான இருந்தேன்!"

லைன் பிள்ளைகளின் சட்டம் அது. தோற்றவன் விளக்குக் கம்பத்தின் அடியில் தன் குண்டை வைத்து, விரல்களை மடக்கி, விரல் முட்டியால் தள்ளித் தள்ளியே குழியில் விட வேண்டும். பன்னிரண்டு அடி தூரம். ஜல்லி மண். தள்ளி முடிப்பதற்குள் முட்டித் தோல் கிழிந்துவிடும். மற்றவர்கள் சுற்றி நின்று ஓ போடுவார்கள்.

வால்டர் கட்டிலிலிருந்து காலைக் கீழே விட்டார். "வெளிய... இட்டுகினு போ."

"இன்னாத்துக்கு?"

"தள்றேன். ஓடினேன்னு... நீ சொல்லக்கூடாது."

ஞானசுந்தரி மூன்றரை மணிக்குத் திரும்பியபோது லைன் முனையில் நின்றுவிட்டாள். அவள் புருஷன் கம்பத்தடியில் மண்ணில் உட்கார்ந்திருந்தார். வேட்டியெல்லாம் செம்மண். சம்பங்கி எதிரில் மண்டியிட்டு, அவருடைய வலது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

"சோத்து கை தான்டா. பீச்சாங்கை பட்டுது, கம்பத்துலேந்து மறுபடியும் ஆரம்பிக்கணும். சொல்லிட்டேன்."

"தெரியும்... நீ கைய எடு."

வால்டர் தோளிலிருந்து பலத்தை இறக்கித் தள்ளினார். குண்டு ஒரு விரற்கடை நகர்ந்தது. முட்டியில் ரத்தம் துளிர்த்தது.

"இதுக்குப் பேரு தள்றதா? எறும்பு கூட இதவிட வேகமா போவும்" என்று சம்பங்கி சிரித்தான்.

அந்தச் சிரிப்புதான் ஞானசுந்தரியின் காதில் விழுந்தது. பையை வீசிவிட்டு ஓடி வந்தாள்.

"உங்களுக்கு மனசாட்சி கீதாண்ணா? முடியாத மனுஷன மண்ணுல குந்த வெச்சி வேடிக்கை பாக்கறீங்களே! ரத்தம் வருது, சிரிக்கிறீங்க!"

"இல்ல தங்கச்சி, அவன் தான்..."

"ஒண்ணும் பேசாதீங்க. எல்லாரும் வந்து ஒரு ஆறுதல் சொல்லிட்டுப் போறாங்க. உங்களுக்கு மட்டும் இது கூத்தா பூட்ச்சா? இனிமே இந்த வூட்டுப் பக்கம் வராதீங்க."

சம்பங்கி எழுந்து நின்றான். முழங்கால் மண்ணைக்கூடத் தட்டாமல் போய்விட்டான். "ஞானம்... ஞானம்..." என்று வால்டர் ஏதோ சொல்ல வந்தார். அவள் கேட்கவில்லை. உள்ளே கூட்டிப்போய், டெட்டால் போட்டுத் துடைத்து, துணி சுற்றிக் கட்டினாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அதன் பிறகு நான்கு நாள் சம்பங்கியின் ஆட்டோ அந்த வழியாகப் போகவில்லை. பின்பக்கமாகச் சுற்றிப் போனது. வால்டர் கேழ்வரகுக் களியையும் கருவாட்டுக் குழம்பையும் பாதியில் வைத்தார். அவருக்கு அது உயிர். ஞானசுந்தரி ஜெபித்தாள். ஆண்டவரே, இந்தக் கைக்காகக் கேட்கிறேன் என்று தினமும் அதே வார்த்தையைச் சொன்னாள்.

நான்காம் நாள் சாயங்காலம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். வால்டர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். வலது கையை முழங்கால் மேல் வைத்து, இடது கையால் விரல்களை மடக்கினார். பெருவிரல், சுட்டுவிரல் என்று ஒவ்வொன்றாக. மடக்கிய கை ஒரு நொடி அப்படியே நின்றது, பிறகு அவிழ்ந்துபோனது. மறுபடி மடக்கினார். உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி. இரண்டு மாதம் டாக்டர் சொல்லியும், அவள் கெஞ்சியும் செய்யாத வேலை. அவள் கரண்டியைக் கையில் பிடித்தபடியே நின்றாள். கேட்டதற்குப் பதில் வந்திருக்கிறது, நான்தான் வாசலில் நின்றவனைத் துரத்திவிட்டேன் என்று அவளுக்குத் தோன்றியது. அடுப்பை அணைத்தாள்.

சம்பங்கி வீட்டில் அவரைக்காய்ப் பருவம் வந்துவிட்டிருந்தது. ஊறவைத்த அவரைக்கொட்டையை ஒரு குண்டானில் வைத்துக்கொண்டு, அவன் மனைவி கங்கம்மா பிதுக்கம் பருப்பு பிதுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு விரலால் அழுத்தினால் தோல் கையில் நிற்கும், பருப்பு மட்டும் துள்ளி விழும். சம்பங்கி மூலையில் உட்கார்ந்திருந்தான்.

"வா ஞானக்கா, குந்து" என்றாள் கங்கம்மா. "இந்த ஆளப் பாரு. நாலு நாளா வாயத் தொறக்கல. வூட்ல இவ்ளோ நிம்மதிய நான் பாத்ததே இல்ல. நீ திட்டினது நல்லதாப் பூட்ச்சு. வாரத்துக்கு ஒரு தபா வந்து திட்டேன்."

ஞானசுந்தரி உட்கார்ந்து, பழக்கத்தில் கையை விட்டு நாலு அவரையை எடுத்துப் பிதுக்கினாள். "அண்ணா, மன்னிச்சிக்கோங்க. அவருக்கு கை வரணும்னு தான் நீங்க அப்படி செஞ்சீங்க. எனக்குத் தான் புரியல."

சம்பங்கி தலையைச் சொறிந்தான். "பொய் சொல்ல மாட்டேன் தங்கச்சி. கை கிய்யி ஒண்ணும் நான் நெனக்கல. அவன் என்கிட்ட தோத்தான். ஓடலன்னு சொன்னான். எனக்கு கோவம் வந்துச்சு. தள்ளுடா மவனேன்னு தோணுச்சு. அவ்ளோ தான். அந்த நேரத்துல அவனுக்கு கை வராதுன்றதே மறந்து பூட்ச்சு."

ஞானசுந்தரி பிதுக்குவதை நிறுத்தினாள். இரண்டு மாதமாக அந்த வீட்டுக்குள் வந்தவர்களில், அவர் நோயாளி என்பதை மறந்தவன் இவன் ஒருவன்தான். அவளாலும் ஒரு நிமிஷம்கூட மறக்க முடிந்ததில்லை.

"நாளைக்கி வாங்கண்ணா. வந்து அவர தள்ள வைங்க."

"ரெண்டு பேர் மட்டும் ஆடினா சண்ட தான் வரும். நீயும் ஆடணும்."

"நானா? எனக்கு இன்னா தெரியும்? எங்க காலத்துல பொம்பளப் புள்ளைங்கள குழி பக்கத்துல உட்டீங்களா? தண்ணிக்கி வந்தாலே தொரத்துவீங்க."

"அதுக்குத் தான் இப்ப வான்றேன்."

"நானும் வரேன்" என்றாள் கங்கம்மா. "இந்த ஆள முட்டி தள்ள வெக்கணும்னு கல்யாணம் ஆன நாள்லேந்து ஆச."

சம்பங்கி ராபர்ட்சன்பேட்டைப் பழைய இரும்புக் கடையிலிருந்து மூன்று பேரிங் குண்டுகள் வாங்கி வந்தான். மறுநாள் சாயங்கால வெளிச்சத்தில் நான்கு பேரும் கம்பத்தடியில் கூடினார்கள். எல்லோருக்கும் ஐம்பதைச் சுற்றி வயது. ஒருவருக்கு இடுப்பு பிடிக்கும், ஒருவருக்கு மூச்சு வாங்கும். ஞானசுந்தரிக்குக் குறி பார்த்து எறியவே தெரியவில்லை. அவள் விட்ட குண்டு யாரோ காயப்போட்டிருந்த மிளகாய்க்குள் போய் விழுந்தது. முதல் ஆட்டத்திலேயே தோற்றாள்.

"தள்ளு" என்றார் வால்டர்.

"இன்னாங்க, நான் உங்க..."

"சட்டம்... சட்டம் தான்."

புடவையைச் செருகிக்கொண்டு மண்டியிட்டாள். லைனில் இருந்த பெண்களெல்லாம் வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஜல்லி குத்தியது. வெட்கம் பிடுங்கியது. பாதி தூரத்தில் குண்டு ஒரு மேட்டில் ஏறித் திரும்பி அவள் முழங்காலுக்கே வந்தது. நிமிர்ந்து பார்த்தாள். வால்டர் சிரித்துக்கொண்டிருந்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணி, எச்சில் வழிய, தோள் குலுங்க. இருபத்தேழு வருஷக் குடும்பத்தில் அவள் பார்த்திராத சிரிப்பு. சிரிக்கிறதுக்கு அவருக்கு நான் தோற்க வேண்டியிருந்ததா என்று நினைத்தாள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. மண்ணிலேயே உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

அதிலிருந்து தினமும் ஆட்டம். வால்டர் தோற்றால் முடிந்த தூரம் வலது கையால் தள்ளினார். ஜெயித்தால் ஏய்த்துத்தான் ஜெயித்தார். கோலால் குண்டை நகர்த்துவார், கேட்டால், "எனக்குக் கண்ணு... சரியாத் தெரியல" என்பார். கண்ணுக்கு ஒன்றுமில்லை என்று எல்லோருக்கும் தெரியும். சர்ச் மூப்பர் ஏசுபாதம் ஜெபிக்க வந்தபோது, "ஐயா, செத்த இருங்க, ஆட்டம் முடியட்டும்" என்று வால்டர் நிறுத்தி வைத்தார். மூப்பர் பைபிளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு, "சம்பங்கி, உன் கால் கோட்டுக்கு உள்ள கீது. அது செல்லாது" என்றார். அன்றிலிருந்து அவர்தான் நடுவர். ஜெபத்தை ஆட்டத்துக்குப் பிறகு வைத்துக்கொண்டார்கள். மண் ஒட்டிய கைகளோடு செய்த அந்த ஜெபத்தில், பழைய ஜெபங்களில் இல்லாத ஏதோ ஒன்று இருந்தது.

மழை பெய்த நாட்களில் கங்கம்மா அவரைக் குண்டானோடு வால்டர் வீட்டுக்கு வந்துவிடுவாள். பிதுக்குகிற பருப்பு யார் மூக்கில் படுகிறது என்று பார்ப்பார்கள். முதல் நாள் வால்டரின் விரல்கள் அழுத்தி ஒரு அவரையின் தோலும் கழலவில்லை. ஒரு வாரத்தில் ஒரு பருப்பு துள்ளி அவர் மடியிலேயே விழுந்தது. பத்தாம் நாள் ஒன்று சம்பங்கியின் நெற்றியில் பட்டது.

"யார்ரா அது?"

"நான் இல்ல... கங்கம்மா" என்றார் வால்டர்.

பள்ளிக்கூடத்திலும் ஏதோ மாறியது. ஞானசுந்தரி பதினான்கு வருஷமாக நாற்காலியில் உட்கார்ந்து, "அடுக்கு, நேரா அடுக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தவள். ஒரு நாள் தரையில் உட்கார்ந்து, பிள்ளைகளோடு தானும் அடுக்கினாள். வேண்டுமென்றே கோணலாக அடுக்கி, கட்டைகள் சரிந்ததும் ஐயோ என்று தலையில் கை வைத்தாள். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. இந்தக் கட்டைகளை அவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தபோது நான் ஒரு கட்டையாவது அடுக்கினேனா என்று அப்போதுதான் யோசித்தாள்.

நவம்பர் கடைசிச் சனிக்கிழமை வால்டர் முதல்முறையாக முழுத் தூரத்தையும் தள்ளி முடித்தார். அன்றைய ஆட்டத்தில் அவர் தோற்கவில்லை. "இது அந்தப் பழைய ஆட்டத்துக்கு" என்று அவரே கம்பத்தடியில் உட்கார்ந்தார். நாற்பது நிமிஷம் ஆயிற்று. யாரும் ஓ போடவில்லை. விரல்கள் அவிழ்ந்தபோதெல்லாம் அவராகவே மடக்கினார், இடது கை படாமல். குண்டு குழியில் விழுந்ததும் கம்பத்தில் சாய்ந்துகொண்டார்.

"ஓடினேன்டா" என்றார்.

சம்பங்கி பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஓடித் தான் போனேன். அப்பா பாத்தா... அடிப்பாரேன்னு. நாளைக்கி வந்து தள்ளிடலாம்னு நெனச்சேன். அப்பால... வரவே இல்ல."

அதற்கு அடுத்த வாரம்தான் வால்டரின் அப்பாவுக்கு அண்டர்கிரவுண்டில் பாறை சரிந்து கால் போனது. பதினோரு வயது வால்டர் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு மளிகைக் கடைக்குப் பொட்டலம் மடிக்கப் போனான். குழிக்கு அவன் திரும்பவில்லை. அவனை யாரும் கூப்பிடவும் இல்லை. கூப்பிட்டால் அவன் மனசு நோகும் என்று மற்ற பிள்ளைகள் நினைத்தார்கள்.

"கூப்ட்டிருக்கணும்டா" என்றான் சம்பங்கி. "நான் வந்து கூப்ட்டிருக்கணும். பாவம்னு நெனச்சி உட்டுட்டேன்."

"இப்ப... கூப்ட்ட இல்ல?"

டிசம்பர் இரண்டாவது திங்கட்கிழமை வால்டரும் ஞானசுந்தரியும் சம்பங்கியும் அதே காலை ரயிலில் ஏறினார்கள். பெட்டியில் பழைய ஆட்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். வால்டர் ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் கையை வைத்து மடக்குவதும் திறப்பதுமாக வந்தார். கையெழுத்தாவது போட்டுவிடுவார், நட்டு ஏறுமா என்பதுதான் ஞானசுந்தரியின் கவலை. அவருடைய கை இன்னும் நடுங்கியது. சின்னப் பொருளைப் பிடித்தால் பாதி நேரம் நழுவும்.

கம்பெனி டாக்டர் விநாயக் என்ற இளைஞர், கன்னடக்காரர். மேஜை மேல் ஒரு போல்ட்டும் நட்டும், பக்கத்தில் ஃபாரமும் பேனாவும் வைத்திருந்தார். அலுவலகத்து நளினி மேடம் ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். ஞானசுந்தரியும் சம்பங்கியும் கதவோரம் நின்றார்கள்.

"போல்ட்ட லெஃப்ட்ல புடிச்சிக்கலாம். நட்டு மட்டும் ரைட் ஹேண்ட். அவசரமில்ல" என்றார் டாக்டர்.

வால்டர் நட்டை எடுத்தார். விழுந்தது. எடுத்தார். போல்ட்டின் வாயில் வைத்தார், கோணலாக உட்கார்ந்தது. திருகினார், நழுவி மேஜையில் உருண்டது. ஞானசுந்தரி கண்ணை மூடிக்கொண்டாள். மூன்றாவது முறையும் விழுந்தபோது டாக்டரின் முகம் மாறியது. பல பேரை அந்த நாற்காலியில் பார்த்தவர் அவர். சிலர் அங்கேயே அழுதிருக்கிறார்கள்.

"பரவால்ல சார், போதும்" என்றார் மெதுவாக. "ரொம்ப கஷ்டப்படாதீங்க. நான் எழுதி..."

"இருங்க சார்" என்றார் வால்டர். "ஆட்டம்... முடியல."

டாக்டர் நிமிர்ந்தார். எதிரில் இருந்தவர் கஷ்டப்படுகிறவர் மாதிரி தெரியவில்லை. உதட்டைக் கடித்து, ஒரு கண்ணைச் சுருக்கி, நட்டை எதிராளியைப் பார்ப்பது போல முறைத்துக்கொண்டிருந்தார்.

"மூணு தபா அவுட்டு. நாலாவது... ஏறும்."

நான்காவது ஏறவில்லை. "ச்சே, திருட்டு நட்டு" என்றார் வால்டர். நளினி மேடம் சிரிப்பை அடக்க முடியாமல் நாற்காலியை மேஜைக்கு அருகில் இழுத்துப் போட்டாள். டாக்டர் டீயைத் தள்ளி வைத்துவிட்டு முழங்கையை ஊன்றிக்கொண்டார். ஐந்தாவதில் நட்டு நேராக உட்கார்ந்தது. பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து தள்ளின. கால் சுற்று.

"ஆய்து, ஆச்சு! நிதானமா" என்றார் டாக்டர், தன்னை மறந்து.

"விடாதீங்க சார், இன்னும் ஒரு சுத்து" என்றாள் நளினி.

இன்னும் கால் சுற்று. மரை பிடித்துக்கொண்டது. டாக்டர் மேஜையைத் தட்டினார். நட்டு மெதுவாக, ஆனால் நழுவாமல், அடிவரை இறங்கியது. வால்டர் ஒரு விரலால் தடவிப் பார்த்துவிட்டு, அரைச் சுற்று தளர்வாக இருப்பதுபோல் தலையாட்டி, இன்னும் கொஞ்சம் இறுக்கினார்.

பிறகு எல்லாவற்றையும் அவிழ்த்து, போல்ட்டையும் நட்டையும் டாக்டர் பக்கம் நகர்த்தினார்.

"இப்ப நீங்க சார். பீச்சாங்கையில."

சம்பங்கி ஞானசுந்தரியின் காதருகில், "போச்சு, வேலை போச்சு" என்று முணுமுணுத்தான்.

டாக்டர் விநாயக் வால்டரைப் பார்த்தார். போல்ட்டைப் பார்த்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டார். இடது கையால் நட்டை எடுத்து வைத்தார், கோணலாக உட்கார்ந்தது. திருகினார், துள்ளி மேஜையிலிருந்து கீழே விழுந்து பீரோவுக்கு அடியில் போனது.

"அவுட்டு!" என்று கதவோரத்திலிருந்து சம்பங்கி கத்தினான். கத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான்.

நளினி மேடம் விழுந்து விழுந்து சிரித்தாள். வால்டர் சிரித்துக்கொண்டே ஃபாரத்தைத் தன் பக்கம் இழுத்து, பேனாவை எடுத்து, தன் பெயரை எழுதினார். எழுத்துகள் ஏறியும் இறங்கியும் நின்றன. கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் மேலே தாவிப் போனது. ஞானசுந்தரி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, ஆண்டவரே, ஆண்டவரே என்று மட்டும் சொன்னாள்.

கையெழுத்தைப் பார்க்க வேண்டிய டாக்டர் இன்னும் நாற்காலிக்குத் திரும்பவில்லை. பீரோவுக்கு அடியில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். அங்கிருந்தே அவர் குரல் கேட்டது.

"இரி, இரி. யாரும் எழுந்திரிக்காதீங்க. இன்னொந்து சல, இன்னும் ஒரே ஒரு சான்ஸ்."

"குடுக்கலாம்" என்றார் வால்டர். "ஆனா பீச்சாங்கை தான்."